புது பிக்கப்பும் ஆல்-டெரெய்ன் டயரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்பா, தொழில் சம்பந்தமா இருக்கட்டும், ஆனா பசங்க தூங்கக் கூடாது" என்றார். சோலார் பம்ப்செட் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம், உன் வண்டி டயரைப் பத்திப் பேசு. போன தடவை பார்க்கிங்ல எல்லாரும் அதைத்தானே சுத்திச் சுத்திப் பார்த்தாங்க" என்றார். ஆகவே தலைப்பு அவருடையது. தூங்கினால் அவரைக் கேளுங்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த டயர் கதை புரியாது. 2009-ல் மெக்கானிக்கல் முடித்தேன். குடியிருப்பது பெரும்பாக்கத்தில். வேலை முழுக்கத் தெற்கே. மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர் பக்கம் விவசாய நிலங்களில் சோலார் பம்ப்செட் பொருத்துவது, பழுதானால் போய்ப் பார்ப்பது. பேனல், ஸ்டாண்டு பைப், கன்ட்ரோலர், கேபிள், டூல் பெட்டி, கூட இரண்டு பையன்கள், இத்தனையும் போயாக வேண்டும். பல வருஷம் வாடகை மினி லாரியில் ஓட்டினேன். 2023 ஆகஸ்டில் சொந்தமாக ஒரு டபுள் கேப் பிக்கப் எடுத்தேன்.

நம் ஊரில் பிக்கப் என்றால் ரொம்ப நாளாக மஞ்சள் போர்டு வண்டிதான். டாடா 207-ம் பொலேரோ பிக்கப்பும் காய்கறிக்கும் தண்ணீர் கேனுக்கும் ஓடும். சொந்த உபயோகத்துக்கு என்று ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஜெனான் எல்லாம் வந்தன; வாங்கினவர்கள் குறைவு. 2016-ல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வந்த பிறகுதான் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பிக்கப் நிற்கிற காட்சியைப் பார்த்தோம். அது தயாராவது நமக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கிற ஸ்ரீசிட்டியில். 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்தது. என் வண்டி இந்த வகையறாவில் எளிமையான ஒன்று. பின் சக்கர டிரைவ் மட்டும்தான். நாலு சக்கர டிரைவ் கிடையாது. 16 அங்குல ரிம், 245/70 டயர். இந்த நம்பரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வண்டி வாசலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆலோசனை ஆரம்பமாகிவிட்டது. அக்கா பையன் சொன்னான்: "மாமா, டயர் சாதுவா இருக்கு. ஏ.டி. போடுங்க, லுக்கே மாறிடும்." கீழ் வீட்டு அண்ணன் சொன்னார்: "நம்ம ஏரியாவுக்கு அதான் தம்பி சரி. 2015-ல பட்டோமே, மறந்துட்டியா?" டயர் கடைக்காரர் சொன்னார்: "சார், இதப் போட்டுட்டீங்கன்னா அப்புறம் ரோடே வேணாம் சார்." மூன்று பேரும் சொன்னது ஒரே டயரை. ஒருவருக்கு அழகு, ஒருவருக்கு வெள்ளம், ஒருவருக்கு வியாபாரம். எனக்கு வேண்டியிருந்தது நாலாவது ஒன்று: வயல் பாதையில் மாட்டிக்கொள்ளாமல் போய் வேலையை முடித்துவிட்டு, மழை பெய்கிற ஜி.எஸ்.டி. ரோடில் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். இந்த இரண்டும் ஒரே டயரில் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

இதோ என் கையில் ஒரு ஏ4 தாள். காலியான பிக்கப் ஏறக்குறைய 1900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு 475 கிலோ. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.46 கிலோ. வகுத்துப் பாருங்கள், ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் சுமார் 193 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும், அதை இப்போதைக்கு விடுங்கள். நாலு டயரும் சேர்ந்து 772. இந்தத் தாளின் பரப்பு 624. ஆக, ஒன்றேகால் தாள் அளவு ரப்பரின் மேல்தான் வண்டி, பேனல், இரண்டு பையன்கள், நான், எதிரே குறுக்கே வருகிறவன் எல்லாருடைய கதியும் நிற்கிறது. ஆல்-டெரெய்ன் டயர் வாங்குகிறேன் என்றால் இந்த ஒன்றேகால் தாளில் எவ்வளவு ரப்பர் இருக்கவேண்டும், எவ்வளவு பள்ளம் இருக்கவேண்டும் என்பதை மாற்றுகிறேன் என்று அர்த்தம்.

டயரில் மூன்று ரகம். ஹைவே டயரில் நீளவாட்டில் ஓடும் கோடுகள், நெருக்கமான ரப்பர், மெல்லிய கீறல்கள். மட் டயரில் பெரிய பெரிய பட்டன்கள், நடுவே பெரிய பெரிய பள்ளங்கள், கிட்டத்தட்ட டிராக்டர் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல்-டெரெய்ன், நாம் ஏ.டி. என்கிறோம். சேற்றில் பள்ளம் எதற்கு? ஈரக் களிமண் டயரின் கோடுகளில் போய் அடைத்துக்கொண்டால் அது மொட்டை டயர்தான். பள்ளம் அகலமாக இருந்தால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அந்தக் களிமண்ணை வெளியே எறிந்துவிடும். அடுத்த சுற்றுக்குப் பட்டனின் விளிம்பு புதிதாக மண்ணைக் கடிக்கும். செய்யூர் பக்கம் நவம்பரில் வரப்பை ஒட்டின பாதையில் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஆனால் என்னை ஏ.டி. பக்கம் இழுத்தது சேறு இல்லை, கல். கிணற்றடி வரைக்கும் போகிற பாதையை ஊர்க்காரர்கள் உடைகல் கொட்டி நிரவி வைத்திருப்பார்கள். கருங்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். டயரின் அடிப்பக்கத்தில் எஃகுக் கம்பி அடுக்கு இருக்கிறது. அங்கே குத்தினால் பஞ்சர், ஒட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவரில் அந்த எஃகு கிடையாது, துணி அடுக்கும் ரப்பரும்தான். அங்கே ஒரு வெட்டு விழுந்தால் டயர் முடிந்தது, எந்தப் பஞ்சர் கடையிலும் வைத்தியம் இல்லை. நல்ல ஏ.டி. டயரில் பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும், பட்டன்கள் தோளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒரு கவசம் மாதிரி நிற்கும், ரப்பர் கலவையும் துண்டு துண்டாகப் பெயர்ந்து போகாத கலவை. மழைக்காலச் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டரில், வண்டி நிறைய பேனலோடு டயர் கிழிந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தாலே எனக்கு அந்தக் காசு பெரிதாகத் தெரியவில்லை.

சரி, வரவு சொல்லியாச்சு. செலவு?

சத்தம் கூடும், அது பழகிவிடும். டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கனம் கூடும், உருளும்போது இழுவையும் கூடும். டீசல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். இதையெல்லாம் கடைக்காரரே ஒத்துக்கொள்வார். அவர் பேசாத ஒரு விஷயம், ஈரத் தார் ரோடில் பிரேக். பள்ளம் அதிகம் என்றால் தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு. உயரமான பட்டன் பிரேக் அடிக்கும்போது கொஞ்சம் வளைந்து நெளியும். கல்லுக்குத் தாங்குகிற ரப்பர் பொதுவாக ஈரத் தாரில் ஒட்டுகிற ரப்பராக இருப்பதில்லை. நல்ல கம்பெனிகள் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இடைவெளி இருக்கிறது.

தம்பிகளே, முதல் வருஷப் பாடம்தான். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வு எண்ணையும் புவியீர்ப்பையும் பெருக்கி வருவதில் இரண்டு மடங்கால் வகுத்தால் நிற்கிற தூரம். 80 கிலோமீட்டர் வேகம், ஈரத்தில் உராய்வு எண் 0.6 என்றால் 42 மீட்டர். அதையே 0.5 என்று வையுங்கள், 50 மீட்டர். "எட்டு மீட்டர்தானே அண்ணா" என்று தோன்றும். வேறு மாதிரிக் கேளுங்கள். முதல் வண்டி முழுசா நின்றுவிட்ட அந்த 42-வது மீட்டரில் இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? கணக்குப் போட்டால் 33 கிலோமீட்டர். அந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டி, பின்னால் ஸ்கூல் பையோடு ஒரு குழந்தை. மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் ரோடில் காலை எட்டரை மணிக்கு இது கற்பனை இல்லை. நூறு அடிக்கு ஒன்று. 0.6, 0.5 என்பது நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்கள் டயருக்கு எவ்வளவு என்பது டயரைப் பொறுத்தது. ஆனால் பாக்கெட்டில் இருந்து நாம் கொடுக்கிற காசு இந்தத் திசையிலும் வேலை செய்யும் என்பது தெரிந்திருக்கணும்.

இதற்கு அரசாங்கமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஏ.ஐ.எஸ். 142 என்ற தரவிதி: உருளும் இழுவை, ஈரப் பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் எல்லை வைத்தது. 2022 அக்டோபரிலிருந்து புது டிசைன்களுக்கும் 2023-லிருந்து ஏற்கெனவே விற்பவற்றுக்கும் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். கோட்டைத் தாண்டினால் பாஸ், அவ்வளவுதான்; முப்பத்தைந்து மார்க்கும் பாஸ், தொண்ணூறும் பாஸ் என்பது இந்த அரங்கத்தில் பலருக்குச் சொந்த அனுபவம்.

ஆகவே நான் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண், எத்தனை கல். பையன்கள் சிரித்தார்கள். ஏழு கிலோமீட்டர் ஓடினால் ஆறு தார் ரோடு, ஒன்றுதான் மண்ணும் கல்லும். இந்த விகிதத்தில் மட் டயருக்கு வேலையே இல்லை. ஏ.டி.யிலேயே இரண்டு தினுசு இருக்கிறது: மட் டயருக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒன்று, ஹைவே டயருக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒன்று. இரண்டாவதைத் தேடினேன். பட்டன்கள் நெருக்கமாக, ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்கள் உள்ளதாக. அந்தக் கீறல்தான் ஈரத் தாரில் தண்ணீர்ப் படலத்தை வெட்டுவது. அக்கா பையனுக்கு ரொம்ப ஏமாற்றம். "மாமா, இது பார்த்தா சாதா டயர் மாதிரியே இருக்கு" என்றான். இருக்கட்டும்டா என்றேன்.

இப்போது அந்த 245/70-க்கு வருவோம். கடைக்காரர், "சார், 265 போடுங்க, வண்டி நிமிர்ந்து நிக்கும்" என்றார். 245/70 ஆர் 16 டயரின் விட்டம் 749 மில்லிமீட்டர். 265/70 என்றால் 777. 28 மில்லிமீட்டர் வித்தியாசம். வண்டி உயர்வது அதில் பாதி, 14. ஒரு விரல் கனம். அதற்கு விலை என்ன? ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசும். கியர் விகிதம் 3.7 சதவீதம் நீண்டுபோகும். லோடோடு மேடு ஏறும்போது என்ஜின் முனகும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும். ஸ்டெப்னி பழைய சைஸில் இருந்தால் பின் அச்சில் இரண்டு சக்கரம் இரண்டு அளவு. டிஃபரன்ஷியல் ஓயாமல் அரைபடும். இதற்கு மேல் சட்டம் வேறு. வண்டியின் பதிவில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. விபத்து ஆகி இன்சூரன்ஸ்காரர் வந்து அளந்து பார்க்கும்போது "நிமிர்ந்து நிக்கும்" என்று சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார். கம்பெனி சைஸிலேயே வாங்கினேன்.

பக்கச் சுவரில் உள்ள எழுத்துக்களைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. 111 என்று இருந்தால் ஒரு டயர் 1090 கிலோ தாங்கும். 118/115 என்று சாய்கோடு போட்டிருந்தால் தனிச் சக்கரமாக 1320, ஜோடிச் சக்கரமாக 1215 கிலோ. பக்கத்தில் ஒரு எழுத்து. எஸ் என்றால் மணிக்கு 180, க்யூ என்றால் 160 வரை. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே எதிலும் இறங்கக் கூடாது. நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும்: 3223 என்றால் 2023-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. இதை நம்மாட்கள் பார்ப்பதே இல்லை. காருக்கு உள்ள டயர் கடையில் ஒரு மாதம் தங்காது, ஏ.டி. டயர் மெதுவாகத்தான் விற்கும், மூலையில் வருஷக்கணக்கில் கிடக்கும். எனக்கு முதலில் எடுத்துவந்த நாலில் ஒன்று மூன்று வருஷப் பழசு. "ரப்பர் கெட்டா போயிடும் சார்?" என்றார்கள். கெட்டுப் போகும், இறுகும். மாற்றிக் கொடுத்தார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். மலை, பனித்துளி படம் போட்ட டயருக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், அது பனிப்பொழிவுக்கு. பெரும்பாக்கத்தில் இன்னும் பெய்ய ஆரம்பிக்கவில்லை.

டயரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு உரிமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. இன்றைக்கு ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்கண்டிகையில் மிஷலின் என்று நம்மைச் சுற்றி டயர்த் தொழிற்சாலைகள். இந்த அரங்கத்திலேயே அங்கே வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் பிசகு இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் பிடியுங்கள்.

காற்றுதான் எல்லாவற்றுக்கும் மேல். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று பிரஷர் போட்டிருக்கும். பாதிப் பேர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததே கிடையாது. ஏ.டி.யில் எல்.டி. என்று முன்னால் எழுதிய லாரி ரக டயர் எடுத்தால், அதே எடையைத் தாங்க அதற்கு அதிகக் காற்று வேண்டும்; பழைய டயரின் 30-ஐயே அடித்துவிட்டு லோடு ஏற்றினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் வெடிப்பதில் பெரும்பகுதி இப்படித்தான், கல் குத்தி இல்லை. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளக்கணும். 28 டிகிரியில் 35 பி.எஸ்.ஐ. இருந்த டயர் ஓடி 58 டிகிரிக்கு ஏறினால் 40 காட்டும்; வாயு விதிப்படி அப்படித்தான் காட்டவேண்டும். நம்மாள் பெட்ரோல் பங்கில் அதைப் பார்த்து, "காத்து ஜாஸ்தியா இருக்கு, இறக்குப்பா" என்பார். சாயங்காலம் ஆறியதும் 30-க்கு வந்துவிடும். நைட்ரஜன் அடிப்பதா என்று கேட்பீர்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதுவும் இலவசம்.

சேற்றில் இதைத் திருப்பிப் போடுவேன். 35-ஐ 22-க்கு இறக்கினால் தரையைத் தொடுகிற இடம் 193-லிருந்து 307 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. டயர் மாற்றாமலே பாதிக்கு மேல் லாபம். கூடவே பின் அச்சுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை. காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு. பின் சக்கர டிரைவ் வண்டிக்கு அங்கே எடை இல்லாவிட்டால் எந்த டயரும் சுற்றிக்கொண்டுதான் நிற்கும். தார் ஏறியதும் பேட்டரி பம்பில் காற்றைத் திரும்ப அடித்துவிட்டுத்தான் வேகம். 22 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் போவது தற்கொலைக்குச் சமம்.

பொருத்துகிற அன்றைக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஐந்தாவதாக ஸ்டெப்னிக்கும் அதே டயர். ஐந்தையும் சுற்றில் மாற்றி ஓட்டலாம் என்பதால் அது வீண் செலவு கிடையாது. இன்னொன்று நட்டு. கடைப் பையன் ஏர் கன்னால் கடகடவென்று முடுக்கிவிட்டு, மேலே ஸ்பேனரைப் போட்டு அதில் ஏறி நின்று குதிக்கப் போனான். "தம்பி, இறங்கு" என்று சொல்லி, கையேட்டில் உள்ள அளவுக்கு என் டார்க் ரென்ச்சால் ஒவ்வொன்றையும் குறுக்குக் குறுக்காக நானே முடுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் ஒரு தடவை சரிபார்த்தேன். அலைன்மெண்ட்டும் அன்றைக்கே பார்த்தாயிற்று.

இனி வெள்ளம். கீழ் வீட்டு அண்ணன் சொன்னது மனதில் இருந்துகொண்டே இருந்தது. 2015 டிசம்பர் 1-ம் தேதி, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். தாம்பரம் தொடங்கிச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீர் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகவேண்டும். 2022-ல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி நம் வீடுகளும் ஆபீசுகளும் குப்பைமேடும் ஆகிவிட்டன. தண்ணீர் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வருகிறது, அங்கே நாம் குடியிருக்கிறோம்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். நான் டயர் மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஐந்தாம் தேதி காலையில் அண்ணன் கதவைத் தட்டினார். அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கட்கிழமை போகமுடியவில்லை. கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. "உன் வண்டிதான் பெரிய டயராச்சே தம்பி, எடுப்பா" என்றார்.

ஒரு நிமிஷம் கணக்கைக் கேளுங்கள். வண்டிக்குள் தண்ணீர் புகாமல் இருக்கிறது என்றால், கேபினின் அடித்தளம் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். தளத்துக்கு மேல் தண்ணீர் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் ஏறும்போதும் 375 கிலோ தூக்கும் விசை. இருபது சென்டிமீட்டர் ஏறினால் 750 கிலோ. 1900 கிலோ வண்டி டயரைப் பொறுத்தவரை 1150 கிலோ வண்டி. பட்டன் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அதைத் தரையில் அழுத்த எடை வேண்டாமா? அதற்குள் ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்திருக்கும். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் மிதக்காது. ஆனால் வயர், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் போச்சு. என்ஜின் காற்று இழுக்கிற வாய்க்கு மேல் தண்ணீர் வந்தால் என்ஜினே போச்சு. இதில் ஏ.டி. டயர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை.

ஒரு கம்பை எடுத்துக்கொண்டு முதலில் நடந்துபோனேன். மெயின் ரோடு பக்கம் தொடை வரைக்கும், அதுவும் இழுக்கிற தண்ணீர். "அண்ணே, இந்தப் பக்கம் போகமுடியாது" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பின் தெரு வழியாக இன்னொரு பக்கம் நடந்தேன். அங்கே முழங்காலுக்குக் கீழே, நின்ற தண்ணீர். ஆனால் தெரு முனையில் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டிருந்த களிமண் பாதி ரோடை அடைத்துக் கிடந்தது. அந்த வழிதான். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, பின்னால் பையன்களை ஏற்றி, முதல் கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில். நடுவில் நிறுத்தவும் இல்லை, வேகம் எடுக்கவும் இல்லை. முன்னால் ஒரு பையன் கம்போடு நடந்தான். அந்தக் களிமண் குவியல் ஓரம் பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கி, அப்புறம் பிடித்தது. அந்தப் பத்தடிக்கு நான் டயருக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். மீதி வழியெல்லாம் கம்பின் வேலை. சுற்றிச் சுற்றி, வழக்கமான ஆஸ்பத்திரியை விட்டு வேறொரு டயாலிசிஸ் சென்டருக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். அம்மாவை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவைத்தேன். மறுநாள் பின் அச்சு எண்ணெயைத் திறந்து பார்த்தேன்; மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பத்து நாள் அந்தப் பக்கத் தெருக்கள் எல்லாம் வண்டல். அப்போது ஓடியது பாருங்கள், அதுதான் இந்த டயருக்கு உண்மையான வேலை. பால், தண்ணீர் கேன், பாய், போர்வை என்று பையன்கள் ஓய்வில்லாமல் ஏற்றி இறக்கினார்கள்.

மெல்லிய தண்ணீர்ப் படலம் வேறு கதை. 1963-ல் நாசாவில் ஹார்ன், டிரெஹர் என்ற இருவர் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 16.6-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் எந்த வேகத்தில் தரையை விட்டு எழும்பும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 35-க்கு 98 கிலோமீட்டர். காற்று 25-க்கு இறங்கிக் கிடந்தால் 83. கோடு உள்ள டயரில் பட்டன் ஆழமாக இருக்கும்வரை இதைவிடத் தாங்கும். தேய்ந்தால் இந்த எண்ணை நோக்கி வந்துவிடும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்கிறது. நான் மழைக்காலத்துக்கு முன் மூன்று மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுவேன். சிக்கனக்காரர்கள் மன்னிக்கவும்.

இப்போது 40,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. பக்கச் சுவரில் ஒரு வெட்டும் இல்லை; பஞ்சர் இரண்டு. லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் டீசல் நஷ்டம். மழையில் ஜி.எஸ்.டி. ரோடில் முன்பு 80-ல் போனவன் இப்போது 65-தான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும்.

மாணவர் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: "அண்ணா, பைக்குக்குப் பட்டன் டயர் போடலாமா?" காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே எவ்வளவு சேறு இருக்கிறது என்று எழுதிக் கொடு தம்பி, அப்புறம் சொல்கிறேன்.

என் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கிறது. டேஷ்போர்டில் பிரஷர் கேஜ் இருக்கிறது, பேட்டரி பம்பும் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து நிழலில் நிற்கிற வண்டிகளுக்கு டயர் நன்றாக ஆறியிருக்கும். வெயிலில் நிறுத்தியவர்களுக்கு இன்று சரியான அளவு கிடைக்காது. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகச் செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். கதவு ஓரத்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.